பணத்தைச் சேர்த்தோம், பொறுப்பைச் சேர்க்கவில்லை

2013-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் பிட்காயின் மைனிங்குக்கான அவலான் சிப்புகள் பத்தாயிரம் பத்தாயிரமாகத்தான் விற்கப்பட்டன. ஒரு தொகுதியின் விலை ஏறக்குறைய 780 பிட்காயின். ஒரு பிட்காயின் நூறு டாலரை ஒட்டி ஏறியிறங்கிய நாட்கள் அவை. அவ்வளவு பணத்தைத் தனியாளாகப் போட முடிந்தவர்கள் மிகச் சிலர். ஆகவே கூட்டாக வாங்கினோம். யாராவது ஒருவர் முன்வந்து பெயர் சேர்ப்பார். ஐம்பது சிப் வேண்டும் என்பார் ஒருவர், இருநூறு என்பார் இன்னொருவர். எல்லோரும் தங்கள் பங்குக்கான பிட்காயினை அந்த ஒருவரின் வாலட்டுக்கு அனுப்பிவிடுவோம். பத்தாயிரம் நிறைந்ததும் அவர் ஆர்டர் போடுவார், சரக்கு வந்ததும் பிரித்து அனுப்புவார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்னும் பல இடங்களிலும் இப்படிக் குழுக்கள் முளைத்தன. அந்த ஆண்டு அப்படிப் பங்கு போட்டவர்களில் நானும் ஒருவன்.

அந்தக் கூட்டு வாங்கல்களில் பல நல்லபடியாக முடியவில்லை. சிப் தாமதமாக வந்தது. வந்த சிப்பைப் பொருத்த போர்டு தயாராக இல்லை. போர்டு தயாரானபோது மைனிங்கில் வர வேண்டிய வருமானம் கரைந்திருந்தது. பணம் போனது ஒரு வருத்தம். அதைவிடப் பெரிய வருத்தம், முகம் பார்க்காமலே நண்பர்களாக இருந்தவர்கள் ஒருவரையொருவர் திருடன் என்று சொல்லும் நிலை வந்தது.

இந்தக் கதையை யாராவது கேட்டால் நாங்கள் முதலில் கைகாட்டுவது தயாரிப்பாளர்களைத்தான். அதில் பொய் இல்லை. அமெரிக்காவின் கான்சஸில் இருந்த பட்டர்ஃப்ளை லேப்ஸ் 2012 ஜூனில் புதிய இயந்திரங்களை அறிவித்து முன்பணம் வாங்கியது. அந்த ஆண்டு அக்டோபரில் தருவதாகச் சொன்னது. முதல் சில இயந்திரங்கள் வெளியே வந்ததே 2013 ஏப்ரலில்தான். 2013 செப்டம்பரில் பணம் கட்டியும் இயந்திரம் கிடைக்காமல் இருந்தவர்கள் 20,000 பேருக்கு மேல் என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் தன் வழக்கில் சொன்னது. 2016 பிப்ரவரியில் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதே போன்ற தயாரிப்பாளர்களான ஹாஷ்ஃபாஸ்ட் 2014-இலும் காயின்டெரா 2015 தொடக்கத்திலும் திவால் நீதிமன்றத்துக்குப் போயின. இவையெல்லாம் ஏட்டில் ஏறிவிட்டன. எங்கள் பங்கு மட்டும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அதை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

அந்த அவசரம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். பிட்காயினில் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு, உருவாகும். ஒரு கணக்குக்கு விடை தேடி அதைக் கண்டுபிடிக்கும் இயந்திரத்துக்குப் பரிசு; அந்தத் தேடல்தான் மைனிங். 2012 நவம்பர் 28 அன்று அந்தப் பரிசு 50 பிட்காயினிலிருந்து 25 ஆகக் குறைந்தது. மைனிங் செய்யும் இயந்திரங்களின் மொத்த வேகம் கூடினால் பிளாக் சீக்கிரம் சீக்கிரம் வந்துவிடும் அல்லவா? அதைத் தடுக்க, 2,016 பிளாக்குக்கு ஒருமுறை, அதாவது சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கணக்கின் கடினத்தை வலைப்பின்னலே திருத்திக்கொள்ளும். அந்த அளவுக்குப் பெயர் டிஃபிகல்ட்டி. முதலில் சாதாரணக் கணினியில் மைனிங் செய்தோம். பிறகு கிராஃபிக்ஸ் கார்டு வந்தது, அதற்குப் பிறகு எஃப்பிஜிஏ என்ற வகைச் சிப். 2013 ஜனவரி கடைசியில் முதல் அவலான் இயந்திரம் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மைனிங் ஒன்றைத் தவிர வேறெதற்கும் பயன்படாத ஏசிக் சிப் அதற்குள் இருந்தது. ஒரே இயந்திரம் வினாடிக்கு 66 கிகாஹாஷ் போட்டது; ஹாஷ் என்பது விடை தேடி இயந்திரம் போடும் ஒரு கணக்கு. வீட்டு அறையில் நாலைந்து கிராஃபிக்ஸ் கார்டுகளை ஓட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு அது பெரிய பயத்தையும் பெரிய ஆசையையும் ஒன்றாகக் கொடுத்தது.

இப்போது ஒரு சிப்பின் கணக்கைப் பார்க்கலாம். அவலான் சிப் ஒன்றின் வேகம் 282 மெகாஹாஷ். ஏப்ரல் நடுவில் டிஃபிகல்ட்டி சுமார் 90 லட்சம். அந்த நிலையில் ஒரு சிப் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.016 பிட்காயின் ஈட்டும். சிப்பின் விலையோ 0.078. ஐந்தே நாளில் சிப்பின் விலை திரும்பிவிடும், போர்டு செலவையும் மின்சாரத்தையும் சேர்த்தாலும் சில வாரங்கள்தான் என்று கணக்கு காட்டியது. அந்தக் கணக்கைப் பார்த்த யாருக்கும் தூக்கம் வராது. எங்களுக்கும் வரவில்லை.

அந்தக் கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. சிப் இன்றைக்கே கையில் இருக்கிறது, டிஃபிகல்ட்டி இப்படியே நிற்கும் என்று நாங்களாகவே வைத்துக்கொண்டோம், அதுதான் பிழை. சிப் வரச் சில மாதங்கள் ஆகும் என்பது பணம் கட்டும்போதே தெரியும். அக்டோபர் முதல் வாரத்தில் டிஃபிகல்ட்டி சுமார் 19 கோடி. அதே சிப் அன்று ஓடத் தொடங்கியிருந்தால் தன் விலையை எடுக்க நூறு நாளுக்கு மேல் ஆகும். டிசம்பர் கடைசியில் 118 கோடி. அப்போது அறுநூறு நாளைத் தாண்டிவிடும், அதுவும் டிஃபிகல்ட்டி அதற்கு மேல் ஏறவே ஏறாது என்று வைத்துக்கொண்டால். ஜனவரியில் 30 லட்சமாக இருந்தது ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட 400 மடங்கு ஆகியிருந்தது.

இப்படி ஏறும் என்று யாருக்குத் தெரியும் என்று நாங்கள் பிற்பாடு கேட்டுக்கொண்டோம். எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தொகுதியின் 10,000 சிப்புகளையும் ஒன்றாக ஓட்டினால் 2.8 டெராஹாஷ். ஏப்ரலில் உலகம் முழுக்க பிட்காயின் மைனிங்கின் மொத்த வேகம் சுமார் 64 டெராஹாஷ். ஒரே ஒரு தொகுதி அதில் நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல். இருபத்துமூன்று தொகுதிகள் ஓடத் தொடங்கினால் மொத்த வேகமே இரட்டிப்பாகும், எங்கள் எல்லோருடைய வருமானமும் பாதியாகும். எங்கள் குழுவைப் போலவே எத்தனை குழுக்கள் பெயர் சேர்த்துக்கொண்டிருக்கின்றன என்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. கூட்டிப் பார்க்க ஒரு மாலை நேரம் போதும். நாங்கள் கூட்டிப் பார்க்கவில்லை. மற்றவர்கள் போடும் ஆர்டரைத்தான் டிஃபிகல்ட்டி என்று நினைத்தோம். மற்ற எல்லோருக்கும் நாங்களும்தான் டிஃபிகல்ட்டி என்பது உறைக்கவில்லை. ஒவ்வொருவரும் தான் மட்டும் சீக்கிரம் கிளம்பிவிட்டதாக நம்பினோம்.

பிளாக் எரப்டர் என்ற யூஎஸ்பி குச்சியின் கதையும் இதேதான். ஏசிக்மைனர் தயாரித்தது. 333 மெகாஹாஷ், இரண்டரை வாட். மொத்தமாகத்தான் கிடைக்கும் என்பதால் அதற்கும் கூட்டு வாங்கல்கள் நடந்தன. 2013 மே, ஜூனில் ஒன்று 2 பிட்காயின் அளவில் விற்றது. மே கடைசியில் இருந்த டிஃபிகல்ட்டியில் அது நாளொன்றுக்கு 0.014 பிட்காயின் ஈட்டும். ஆண்டுக் கடைசியில் அதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். போட்ட 2 பிட்காயினை அந்தக் குச்சி திருப்பித் தரவே வழியில்லை. அந்த 2 பிட்காயினைச் சும்மா வாலட்டிலேயே விட்டிருந்தால், நவம்பரில் விலை ஆயிரம் டாலரைத் தாண்டியபோது என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டவர்கள் நிறைய. பிட்காயினைக் கொடுத்துப் பிட்காயின் ஈட்டும் இயந்திரத்தை வாங்குகிறோம் என்றால், அந்த இயந்திரம் கொடுத்ததைவிட அதிகப் பிட்காயினைத் தர வேண்டும். இதைவிட எளிய கேள்வி இல்லை. கேட்டால் ஆசை அடங்கிவிடும் என்பதால்தான் கேட்காமல் விட்டோம் என்று இப்போது தோன்றுகிறது.

பண இழப்பைக்கூட ஒரு பாடம் என்று தள்ளிவிடலாம். தள்ள முடியாதது, ஒருங்கிணைத்த மனிதர்களை நாங்கள் நடத்திய விதம்.

யோசித்துப் பாருங்கள். ஒருவர் பகலில் எங்கோ வேலை பார்க்கிறார். மாலையில் வீட்டுக்கு வந்து நூறு பேரின் பணத்துக்குக் கணக்கு வைக்கிறார். யார் எவ்வளவு அனுப்பினார்கள் என்று பிட்காயினின் பொதுப் பேரேடான பிளாக்செயினில் பார்த்துச் சரிபார்க்கிறார். சீனாவில் இருக்கும் சிப் தயாரிப்பாளருக்கு எழுதுகிறார், பதில் வராதபோது மீண்டும் எழுதுகிறார். சரக்கு வந்தால் சுங்கத்தில் நிற்க வேண்டும். வெறும் சிப்பை வைத்து எதுவும் செய்ய முடியாது. கிளாண்டைக் என்று ஒரு போர்டு வரைபடத்தை எல்லோருக்கும் பொதுவாக ஒருவர் வெளியிட்டிருந்தார். பதினாறு சிப் பொருத்தினால் நாலரை கிகாஹாஷ் தரும். அந்த வரைபடத்தைக் கொண்டு போர்டு அடித்து, சிப்பை ஏற்றி, ஹீட்சிங்க் பொருத்தி, சோதித்து, பொட்டலம் கட்டி, பத்து நாட்டுக்கு அனுப்ப வேண்டும். ஒரு சிறு தொழிற்சாலை செய்யும் வேலை அது. அதை ஒரு தனி மனிதரின் தலையில் ஏற்றிவிட்டு, பிட்காயினை அனுப்பிய கையோடு எங்கள் வேலை முடிந்ததாக நினைத்தோம்.

அவர் கேட்ட கூலி நூற்றுக்குச் சில பங்குதான். அதையும் பேரம் பேசினோம். இரண்டு குழுக்கள் இருந்தால் கட்டணம் குறைவான குழுவில் சேர்ந்தோம். கட்டணத்தைக் குறைவாகச் சொன்னவர் பெரும்பாலும் வரப்போகும் தொல்லைகளைக் கணக்கில் எடுக்காதவர். ஒரு பெட்டி சேதமானால் யார் ஈடு செய்வது, சுங்கவரி எதிர்பார்த்ததைவிடக் கூடினால் யார் கட்டுவது, அவருக்கே உடம்பு சரியில்லாமல் போனால் யார் தொடர்வது என்று யோசித்தவர் கூடுதலாகத்தான் கேட்டிருப்பார். அவரைக் காசு பார்ப்பவர் என்று ஒதுக்கிவிட்டு, யோசிக்காதவரைத் தேடிப் போனோம். பிறகு அவர் யோசிக்கவில்லையே என்று கோபப்பட்டோம்.

நம் ஊர்த் தெருவில் சீட்டுப் போடும் அம்மாக்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். மாதம் ஐந்நூறு ரூபாய்ச் சீட்டுக்குக்கூட ஒரு நோட்டு இருக்கும். யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை, யார் எந்த மாதம் எடுத்தார்கள் என்று எல்லோர் முன்னாலும் எழுதுவார்கள். சீட்டு பிடிப்பவருக்கு என்ன கமிஷன் என்பதும் முதல் நாளே பேச்சாகிவிடும். ஒருவருக்குக் கஷ்டம் வந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வழக்கம் உண்டு. கணினியே வாழ்க்கையாக இருந்த நாங்கள், அதைவிடப் பல மடங்கு பெரிய தொகைக்கு அந்த நோட்டைக்கூட வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்படி ஒரு பெயர்ப் பட்டியல் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டோம்.

எழுதி வைக்காமல் விட்டவற்றில் ஒன்று மற்ற எல்லாவற்றையும்விட அதிகச் சண்டையைக் கொண்டுவந்தது. ஆர்டர் ரத்தானால் பணத்தை எந்தக் கணக்கில் திருப்பித் தருவது? அனுப்பிய அதே எண்ணிக்கை பிட்காயினா, அல்லது அனுப்பிய நாளின் டாலர் மதிப்பா? 2013 ஜனவரியில் பிட்காயின் பதின்மூன்று டாலர் அளவில் இருந்தது. ஏப்ரல் 10 அன்று 266 வரை போய் அதே வேகத்தில் விழுந்தது. நவம்பரில் ஆயிரத்தைத் தாண்டியது. இடையில் நூறு டாலரில் கட்டியவர் நவம்பரில் பிட்காயினாகவே திருப்பிக் கேட்டார். ஒருங்கிணைப்பாளரோ அதைப் போர்டு செலவுக்காக என்றோ டாலராக மாற்றிவிட்டார். இருவர் கேட்பதிலும் நியாயம் இருந்தது. பணம் அனுப்பும் முன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் அந்தச் சண்டை வந்திருக்காது. ஹாஷ்ஃபாஸ்ட் திவால் வழக்கில், அந்த நிறுவனம் தனக்கு விளம்பரம் செய்த ஒருவருக்குக் கொடுத்த 3,000 பிட்காயினைப் பற்றி இதே மாதிரியான கேள்வி எழுந்தது. 2016 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் நீதிபதி, பிட்காயினை அமெரிக்க டாலராகக் கருத முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. நாங்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்க வேண்டிய ஒன்று நீதிமன்றத்தின் வேலையாகிவிட்டது.

கையில் இருந்த கருவியையும் எடுக்கவில்லை. 2012 ஏப்ரலில் பிட்காயினில் நடைமுறைக்கு வந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு, பணத்தை ஒரு முகவரியில் பூட்டி, மூன்று சாவிகளில் இரண்டு சேர்ந்தால்தான் திறக்கும்படி வைக்க முடிந்தது. மல்டிசிக் என்று சொல்வோம். ஒருங்கிணைப்பாளரிடம் ஒன்று, உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தவரிடம் ஒன்று, வெளியில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம் ஒன்று என்று மூன்று சாவிகளையும் பிரித்திருக்கலாம். தயாரிப்பாளருக்குப் போன பணத்தை அது மீட்டுத் தந்திருக்காது. போர்டுக்காகவும் கூரியருக்காகவும் மாதக்கணக்கில் ஒரே ஆளின் வாலட்டில் கிடந்த மிச்சப் பணத்தைக் காத்திருக்கும். அந்த ஒருங்கிணைப்பாளரையும் சந்தேகத்திலிருந்து காத்திருக்கும். ஏன் செய்யவில்லை? அன்றைய வாலட் மென்பொருள்களில் அதைச் செய்வது கொஞ்சம் சிரமம். சாவிக்காரர்களைத் தேட ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்தில் தொகுதி நிறைந்துவிடும், நம் இடம் போய்விடும் என்று பயந்தோம். நடுவில் யாரும் வேண்டாத பணம் என்று பிட்காயினைக் கொண்டாடியவர்கள் நாங்கள். அனுப்பினால் திரும்ப வராது என்பதும் எங்களுக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட பணத்தை ஒரே மனிதரின் கையில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தது எங்கள் சோம்பல்.

தாமதம் தொடங்கியபோது செய்ததைச் சொல்லவும் சங்கடமாக இருக்கிறது. பங்கு கைக்கு வந்துவிட்டவர்கள் பேசுவதை நிறுத்தினோம். வராதவர்களுக்காகக் கேள்வி கேட்பது நம் வேலை இல்லை என்று ஒதுங்கினோம். வேறு சிலர் வரிசையில் தங்கள் இடத்தையே விற்றார்கள். இன்னும் வராத சிப்புக்கு, இன்னும் செய்யாத போர்டுக்கு, வாங்கிய விலையைவிடக் கூடுதலாகக் கொடுக்கப் புதிதாக வந்தவர்கள் தயாராக இருந்தார்கள். விற்றவர்களுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இது இனி லாபம் தராது என்று தெரிந்துதான் விற்றார்கள். வாங்கியவரிடம் அந்தக் கணக்கைச் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் சொல்லவில்லை. புதியவர்கள் பெரும்பாலும் எங்களைவிடக் குறைந்த வசதி உள்ளவர்கள், மாணவர்கள், முதல் சம்பளத்தைச் சேர்த்துவைத்தவர்கள். எங்கள் தவறின் கடைசித் தவணையை அவர்களைக் கட்டவைத்தோம். எல்லாவற்றிலும் இதுவே கனமான தவறு என்று நினைக்கிறேன்.

நல்லபடியாக நடந்த குழுக்களும் இருந்தன. அவற்றை நடத்தியவர்கள் வாரம் தவறாமல் நிலவரம் எழுதினார்கள். நல்ல செய்தி இல்லாத வாரத்திலும் எழுதினார்கள். வந்தது எத்தனை, பழுது எத்தனை, செலவு என்ன, மிச்சம் என்ன என்று வரி வரியாகக் காட்டினார்கள். கூரியரில் உடைந்த போர்டுக்குத் தன் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்களில் சிலர் ஒருமுறை நடத்தியதோடு சரி, மறுபடி வரவேயில்லை. நாங்கள் அவர்களைத் தாங்கவில்லை. கணக்கு வைக்க நான் உதவுகிறேன், பொட்டலம் கட்ட வருகிறேன் என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். எங்கே என் சிப் என்று கேட்டவர்கள்தான் எங்களில் அதிகம்.

எஞ்சிய பொருட்களையும் மறந்தோம். கிராஃபிக்ஸ் கார்டு பழசானால் விளையாடும் பிள்ளைகள் வாங்கிக்கொள்வார்கள். ஏசிக் சிப்புக்கு அப்படி இரண்டாம் வாழ்வு கிடையாது. பிட்மெயின் நிறுவனத்தின் ஆன்ட்மைனர் எஸ்9 2016-இல் வந்தபோது ஒன்றே 13.5 டெராஹாஷ் போட்டது. முதல் அவலான் இயந்திரங்கள் இருநூறுக்குச் சமம். எங்கள் போர்டுகளும் குச்சிகளும் அதற்கு முன்பே அலமாரிக்குள் போய்விட்டன. அவை தின்ற மின்சாரத்தின் கட்டணத்தைப் பல வீடுகளில் கட்டியது மைனிங் செய்தவர் அல்ல, அவருடைய பெற்றோரோ துணையோதான். அவர்களிடம் லாபக் கணக்கைச் சொன்னவர்கள் நஷ்டக் கணக்கையும் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் மறதியால் அடுத்தவர்கள் பட்டதும் உண்டு. 2017 ஜூனில் சியாகாயின் என்ற வேறொரு நாணயத்துக்கான ஒபெலிஸ்க் எஸ்சி1 இயந்திரத்துக்கு முன்பணம் வாங்கினார்கள். 2018 ஜனவரியில் பிட்மெயின் அதே நாணயத்துக்கு ஏ3 என்ற இயந்திரத்தை அறிவித்து முந்திக்கொண்டது. முன்பணம் கட்டியவர்களுக்கு இயந்திரம் வந்தது 2018-இன் நடுப்பகுதி தாண்டித்தான். இடையில் ஏறிய டிஃபிகல்ட்டி அவர்கள் கணக்கையும் தின்றது. நாணயத்தின் பெயரும் இயந்திரத்தின் பெயரும்தான் வேறு. 2013-இல் எங்களுக்கு நடந்ததை, எண்களோடு, சலிக்காமல் சொல்லியிருந்தால் அவர்களில் சிலராவது நின்று யோசித்திருப்பார்கள். நஷ்டத்தைச் சொல்ல வெட்கப்பட்டோம். லாபம் பார்த்த சிலரின் குரல் மட்டுமே கேட்டது.

இதையெல்லாம் சரிசெய்ய முடியுமா? ஒரு பகுதியை முடியும் என்று நம்புகிறேன்.

முதலில் பழைய கணக்குகள். அன்று குழு நடத்தியவர்களிடம் இன்னும் பிரிக்காத பெட்டிகள் இருக்கலாம், யாருக்கும் திருப்பாத சிறு மிச்சங்கள் வாலட்டில் இருக்கலாம். அன்று சில்லறையாக இருந்த அந்த மிச்சம் இன்றைய விலையில் சிறிய தொகை இல்லை. வைத்திருப்பவர்கள் பட்டியலைத் தேடி எடுத்து, இன்னும் தொடர்பில் இருப்பவர்களுக்காவது எழுதலாம். பங்கு போட்டவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஏமாற்றாமல், முடியாமல் போனதால் கெட்ட பெயர் வாங்கிய ஒருங்கிணைப்பாளர்கள் இருக்கிறார்கள். கோபத்தில் சொன்ன வார்த்தைகளைத் திரும்பப் பெறுவதற்குக் காலம் கடந்துவிடவில்லை. ஒவ்வொரு குழுவிலும் யாராவது ஒருவர் தொடக்கம் முதல் முடிவு வரை நடந்ததைத் தேதியோடும் தொகையோடும் எழுதி வைத்தால், அது அடுத்தவர்களுக்குப் பெரிய உதவி.

அடுத்தது இனி வாங்கப்போகிறவர்கள். வீட்டில் மைனிங் செய்யும் ஆசை மறுபடி துளிர்த்திருக்கிறது. பிட்ஆக்ஸ் என்று ஒரு சிறிய கருவி, வரைபடம் எல்லோருக்கும் பொது, பிட்மெயினின் சிப்பை வைத்துச் செய்வது. அதில் காமா என்ற வகை ஒரே சிப்பில் 1.2 டெராஹாஷ் தருகிறது. அன்றைய அவலான் சிப்புகள் நாலாயிரத்துக்கு மேல் சேர்ந்தால் வரும் வேகம். ஆனால் உலகின் மொத்த வேகமும் பல நூறு எக்ஸாஹாஷைத் தாண்டிவிட்டது. 2024 ஏப்ரலில் பரிசு 3.125 ஆகிவிட்டது. அப்படி ஒரு கருவி தனியாக ஒரு பிளாக்கைக் கண்டுபிடிக்கச் சராசரியாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். கற்றுக்கொள்ளவும், வலைப்பின்னலில் ஒரு சிறு பங்காக இருக்கவும் வாங்கலாம். அதைச் சேர்ந்து வாங்குவதும் நல்லதுதான், கூரியர் செலவு குறையும், பழுது பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருப்பார். லாபத்துக்கு என்று சொல்லி யாரையும் சேர்க்கக் கூடாது.

சேர்ந்து வாங்கும் முன் நாம் ஒரு தாளில் எழுத வேண்டியவை அதிகம் இல்லை. பணம் யார் யார் சாவியில் இருக்கும். திருப்பித் தந்தால் எந்த நாணயக் கணக்கில். எந்தத் தேதிக்குள் வராவிட்டால் விரும்பியவர் விலகலாம். சுங்கவரியும் சேதமும் யார் தலையில். நடத்துபவருக்கு என்ன கூலி, அவரால் முடியாமல் போனால் அடுத்து யார். டிஃபிகல்ட்டி மாதாமாதம் ஏறுவதாக வைத்துப் போட்ட ஒரு கணக்கும் அதே தாளில் இருக்க வேண்டும். இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ விற்ற லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு. மைனிங்குக்கு இயந்திரம் வாங்கிய செலவை அதில் கழிக்க முடியாது என்று அரசு மக்களவையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நம் இடத்தை இன்னொருவருக்கு விற்பதானால், நாம் ஏன் விற்கிறோம் என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும். இத்தனையும் ஒரே பக்கத்தில் அடங்கும்.

தாள் மட்டும் போதாது. பத்துப் பேர் சேர்ந்தால் பத்துப் பேருக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். ஒருவர் கணக்கைச் சரிபார்க்கட்டும், ஒருவர் தயாரிப்பாளரோடு பேசட்டும், ஒருவர் வாரம் ஒருமுறை நிலவரம் எழுதட்டும், பொட்டலம் கட்ட இருவர் வரட்டும். நேரமில்லாதவர் நடத்துபவரின் கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கட்டும். தன் பங்கு வந்துவிட்டவர், கடைசி ஆளின் பங்கு வரும்வரை குழுவை விட்டுப் போகாமல் இருக்கட்டும். அன்று நாங்கள் செய்யத் தவறியவை இவைதான். எதற்கும் பெரிய அறிவு தேவைப்படவில்லை. கொஞ்சம் நேரமும் பக்கத்தில் இருப்பவர்மேல் கொஞ்சம் அக்கறையும் போதுமாக இருந்தது. அடுத்த முறை யாராவது நம்மிடம் பங்கு கேட்டு வந்தால், எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று கேட்பதற்கு முன், இதில் நான் என்ன வேலையை எடுத்துக்கொள்ளட்டும் என்று கேட்டுத் தொடங்குவோம்.